செத்த பிறகு எல்லாம் வருது... அதுக்கு முன்னாடி?

எங்க ஊர் முசிறியில ஒருத்தர் இறந்துட்டா, அடுத்த ரெண்டு மணி நேரத்துல என்னென்ன வந்து இறங்கும்னு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க மக்களே. ஐஸ் பெட்டி வரும். சாமியானா பந்தல் வரும். பிளாஸ்டிக் நாற்காலி வரும். ‘கண்ணீர் அஞ்சலி’ பேனர் வரும். பறை செட்டு, பூப்பல்லக்கு, வேட்டு... ஒவ்வொண்ணுக்கும் ஒரு போன் போதும். ராத்திரி ரெண்டு மணின்னாலும் ஆள் வருவாங்க. சிங்கப்பூர்ல இருக்கிற மகன் திருச்சி ஏர்போர்ட்டுல வந்து இறங்குற வரைக்கும் உடம்பு கெடாம பாத்துக்க ஏற்பாடு பக்காவா இருக்கும்.

அதே மனுஷன் அதே வீட்டுல, மூணு மாசம் முன்னாடி படுத்த படுக்கையா கிடந்தப்போ என்ன வந்தது? தண்ணிப் படுக்கை வந்ததா? நர்ஸ் யாராவது வந்தாங்களா? வலிக்கு ஒழுங்கான மாத்திரை வந்ததா? சொந்தக்காரங்க ஒரு கிலோ ஆரஞ்சும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிட்டு வந்து, ‘எப்படி இருந்த மனுஷன்!’னு உச்சுக் கொட்டிட்டு, காபி குடிச்சிட்டுப் போனாங்க. அவ்வளவுதான் வந்தது.

நான் சொல்ல வர்றது ஒரே ஒரு விஷயம்தான். நாம சாவுக்கு மரியாதை பண்றோம், சாகப்போறவங்களுக்குப் பண்றதில்ல. ‘வீட்டுலயே நிம்மதியா போய்ச் சேரணும்’னு எல்லாரும் ஆசைப்படறோம். அந்த வீட்டுக்கு ஒரு உதவியும் அனுப்பாம அதையே ‘நம்ம பண்பாடு’ன்னு பெருமையும் பேசிக்கிறோம். உதவி இல்லாத வீட்டுக்குப் பேரு பண்பாடு இல்ல. ஒரு பொம்பளை தலையில மொத்தப் பாரத்தையும் இறக்கி வச்சிட்டு நாம கைய உதறிக்கறதுக்குப் பேருதான் அது.

அரசாங்கமும் நம்மள மாதிரியேதான் யோசிக்குது. 108க்கு அடிச்சா ஆம்புலன்ஸ் வரும். 2008ல இருந்து தமிழ்நாட்டுல ஓடுது, எத்தனையோ உயிரைக் காப்பாத்தியிருக்கு, கையெடுத்துக் கும்பிடலாம். அரசு ஆஸ்பத்திரியில இறந்துட்டா உடம்பை ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்க இலவச அமரர் ஊர்தி, நம்பர் 155377. அதுவும் நல்ல திட்டம். ஆக, பிழைக்க வைக்க ஒரு நம்பர், செத்த பிறகு ஒரு நம்பர். நடுவுல? ‘இனிமே பிழைக்க மாட்டார், ஆனா இன்னும் உசுரு இருக்கு’ங்கிற அந்த ரெண்டு வாரத்துக்கு, ரெண்டு மாசத்துக்கு, ரெண்டு வருஷத்துக்கு எந்த நம்பர்? 104க்குப் பேசினா ஆலோசனை சொல்வாங்க. ஆனா நடுராத்திரி வலியில கத்துற மனுஷனைப் புரட்டிப் படுக்க வைக்க போன் வழியா கை நீளாதே!

‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’

தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகள்ல தினமும் சொல்லப்படற வாக்கியம் இது. தப்பான வாக்கியம்னு நான் சொல்லல. வைத்தியம் இனிமே பலிக்காதுன்னு தெரிஞ்ச பிறகும் ஐ.சி.யூ.வுல போட்டு, கையைக் காலைக் கட்டி, குழாய் மேல குழாய் சொருகி பில் ஏத்தறதைவிட இது ஆயிரம் மடங்கு நேர்மையான பேச்சு. பிரச்சினை என்னன்னா, அந்த வாக்கியம் அங்கேயே முடிஞ்சிடுது. கூட்டிட்டுப் போய்...? என்ன பண்ணணும்? வலி வந்தா யாரைக் கேக்கணும்?

எங்க அப்பாயிக்கு வயித்துல கட்டி. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில (பேர் வேணாம்) ஒரு மாசம் பாத்துட்டு இந்த வாக்கியத்தைச் சொல்லி அனுப்பிட்டாங்க. கையில ஒரு கத்தை காகிதம் குடுத்தாங்க. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் அதுல இருந்தது. வலி அதிகமானா என்ன பண்றதுன்னு ஒரு வரி இல்ல. திருச்சியில இருந்து முசிறிக்கு சுமார் 40 கிலோமீட்டர். அந்த 40 கிலோமீட்டரோட வைத்தியம் முடிஞ்சு, எங்க பெரியம்மா வேலை ஆரம்பிச்சது.

நாலு மாசம். பெரியம்மா கோரைப் பாய் நெய்யப் போறவங்க. போறதை நிறுத்தினாங்க, கூலியும் நின்னது. படுத்தே இருக்கிறவங்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இடம் வலமா திருப்பிப் படுக்க வைக்கணும்னு அவங்களுக்கு யாரும் சொல்லல. இடுப்புல உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணு வந்த பிறகுதான் தெரிஞ்சது. கடைசி நாட்கள்ல உடம்பு சாப்பாட்டை ஏத்துக்காது, அது பட்டினி இல்ல, உடம்பு தானா கடையைக் கட்டுது, வற்புறுத்தி ஊட்டினா புரையேறிடும்னும் யாரும் சொல்லல. அப்பாயி போய்ச் சேர்ந்து இத்தனை நாள் ஆகியும் பெரியம்மா சொல்றது ஒண்ணுதான்: ‘நான் சரியா ஊட்டலடா தம்பி, அதான் போயிட்டாங்க.’

நாலு மாசம் மலம் மூத்திரம் அள்ளின பொம்பளைக்கு இந்தச் சமூகம் குடுத்த பட்டம் குற்ற உணர்ச்சி. அஞ்சு நிமிஷம் ஒரு நர்ஸ் உக்காந்து பேசியிருந்தா இது நடந்திருக்காது. எனக்கு வர்ற கோபம் எல்லாம் அந்த அஞ்சு நிமிஷத்துக்குத்தான்.

இத்தனைக்கும் இது ராக்கெட் விஞ்ஞானம் இல்ல. வாய் காஞ்சுபோனா ஈரத் துணியால ஒத்தி எடுக்கணும். மூச்சு முட்டினா தலைப்பக்கம் உசத்தி உக்கார வச்சு, முகத்துக்கு நேரா ஃபேன் வைக்கணும். தொண்டையில கரகரன்னு சத்தம் வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். ஒரு மத்தியானத்துல சொல்லிக் குடுத்துடலாம். 1967ல லண்டன்ல சிசிலி சாண்டர்ஸ்னு ஒரு அம்மா செயின்ட் கிறிஸ்டோபர்ஸ்னு ஒரு இல்லம் ஆரம்பிச்சப்போ அடிச்சுச் சொன்னது இதைத்தான்: வலின்னா உடம்பு வலி மட்டும் இல்ல. மனசு, குடும்பம், பயம், பணம் எல்லாம் சேர்ந்ததுதான் வலி, எல்லாத்தையும் சேத்துத்தான் பாக்கணும். அதுக்குப் பேருதான் பேலியேட்டிவ் கேர், தமிழ்ல வலி நிவாரண ஆதரவு சிகிச்சை. நோயைக் குணப்படுத்த முடியாதப்போ மனுஷனைக் கவனிக்கறது.

சரி, இதைப் பத்திப் பேச ஆரம்பிச்சாலே சில பதில்கள் ரெடிமேடா வரும். ஒவ்வொண்ணா பாப்போம்.

‘பெத்த புள்ளைங்க பாத்துக்கணும், அதுக்கு எதுக்கு அரசாங்கம்?’

நல்ல கேள்வி. ‘புள்ளைங்க’ன்னா யாரு? மகன்னு சொல்வீங்க. மகன் வேலைக்குப் போயிடுவான். நிஜத்துல பாக்கறது மருமக, இல்லன்னா கல்யாணம் ஆகாத மக, இல்லன்னா எழுவது வயசுப் பொண்டாட்டி.

2007ல பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் வந்தது. வயசானவங்களை விட்டுட்டு ஓடினா மூணு மாசம் வரைக்கும் ஜெயில், அல்லது 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம். நல்லது. ஆனா ஓடாம பக்கத்துலயே இருந்து பாத்துக்கறவங்களுக்கு என்ன? கேரளாவுல படுக்கையில கிடக்கிறவங்களைப் பாத்துக்கறவங்களுக்குன்னே ‘ஆஸ்வாசகிரணம்’னு ஒரு திட்டம் போட்டு மாசம் 600 ரூபாய்னு வச்சாங்க. 600 ரூபாய் ஒண்ணும் பெரிய காசில்ல. ஆனா ‘நீ பண்றது வேலைதான்’னு ஒரு அரசாங்கம் ஒத்துக்கிட்டது பெருசு. விட்டுட்டுப் போறவனைப் பிடிக்க சட்டம் வச்சிருக்கிற நாம, விடாம இருக்கறவளுக்கு அரை நாள் ஓய்வுகூட வைக்கல.

தென் மாவட்டங்கள்ல ‘தலைக்கூத்தல்’னு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருப்பீங்க. படுத்த படுக்கையா இருக்கிற வயசானவங்களுக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டி, இளநீர் குடுத்து, சாக விடறது. 2010ல விருதுநகர் பக்கத்துச் செய்திகள் வந்தப்போ நாடே அதிர்ச்சி அடைஞ்சது. அதை வச்சு எடுத்த ‘பாரம்’ படம், 2019ல அறிவிச்ச தேசிய விருதுகள்ல சிறந்த தமிழ்ப் படம்னு விருது வாங்கிச்சு. அது கொலைதான், அதுல எனக்கு மறுபேச்சு இல்ல. சொத்துக்காகப் பண்றவனும் உண்டு. ஆனா அதிர்ச்சி அடைஞ்ச நம்மள்ல எத்தனை பேர் அடுத்த கேள்வியைக் கேட்டோம்? அந்த எண்ணெய்ச் சட்டிக்கு முன்னாடி, அந்த வீட்டுக்கு எத்தனை நர்ஸ் போயிருந்தாங்க? எத்தனை வலி மாத்திரை போயிருந்தது? போலீஸ் மட்டும் போற வீட்டுல கொலை ஒளிஞ்சுக்கும். நர்ஸ் வாராவாரம் போற வீட்டுல கொலை பண்றது கஷ்டம். அதைவிட முக்கியமா, அதுக்கான அவசியமே பாதி வீடுகள்ல வராது.

‘மார்ஃபினா? ஐயோ, அது போதை மருந்தாச்சே!’

ஊருக்கு ஊர் டாஸ்மாக் வச்சிருக்கிற மாநிலத்துல, புற்றுநோய் வலியில துடிக்கிற எழுவத்தஞ்சு வயசுக் கிழவி போதைக்கு அடிமையாயிடுவாளோன்னு கவலைப்படறோம் பாருங்க... இதைவிட பெரிய காமெடி கிடையாது :-(

இந்தியா சட்டப்படி அபினி விளைவிக்கற நாடு. காஜிப்பூர்லயும் நீமச்லயும் அபினிக்கு அரசாங்கத் தொழிற்சாலையே இருக்கு. வெளிநாட்டுக்கு ஏற்றுமதியும் பண்ணியிருக்கோம். ஆனா 1985ல போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பிறகு, ஒரு ஆஸ்பத்திரி மார்ஃபின் வாங்கி வைக்கணும்னா நாலஞ்சு லைசென்ஸ், ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு ஆபீஸ். எதுக்கு வம்புன்னு டாக்டர்களும் மருந்துக்கடைகளும் விட்டுட்டாங்க. 1997ல இந்தியா மொத்தமும் வைத்தியத்துக்குப் பயன்படுத்தின மார்ஃபின் வெறும் 18 கிலோ. எவ்வளவு பெரிய நாடு, 18 கிலோ! அந்தப் பன்னெண்டு வருஷத்துல பயன்பாடு சுமார் 97 விழுக்காடு விழுந்திருந்தது. மருந்து விளையற மண்ணுலயே மருந்து இல்லாம செத்தாங்க.

டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் மாதிரி ஆட்கள் வருஷக்கணக்கா போராடி, 2014ல அந்தச் சட்டத்தைத் திருத்த வச்சாங்க. இப்போ அங்கீகாரம் வாங்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைன்னு ஒரே இடம். மாத்திரை விலையும் ஆளை விழுங்குற விலை இல்ல. வலிக்குன்னு சரியான அளவுல, டாக்டர் கண்காணிப்புல குடுத்தா அடிமை ஆகறது ரொம்ப அபூர்வம். மலச்சிக்கல் வரும், அதுக்கும் கூடவே மருந்து குடுப்பாங்க. ஆக, சட்டம் மாறிடுச்சு, விலை குறைவு, ஆபத்தும் கைக்குள்ள அடங்கும். மாறாதது நம்ம பயமும், ‘ஸ்டாக் வச்சா தலைவலி’ங்கிற சோம்பேறித்தனமும்தான்.

‘அதான் கண்ணியமா சாக உரிமை குடுத்தாச்சே!’

ஆமா, 2018 மார்ச் 9ம் தேதி சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. கண்ணியமா சாகறதும் அரசியல் சட்டத்தோட 21வது பிரிவு குடுக்கிற உரிமைக்குள்ள வரும், பலன் இல்லாத உயிர்காப்புக் கருவிகள் வேணாம்னு முன்கூட்டியே எழுதி வைக்கலாம்னு. 2023ல நடைமுறையைக் கொஞ்சம் எளிமையும் ஆக்கினாங்க. டி.வி.யில ‘கருணைக்கொலை சரியா தவறா’ன்னு பட்டிமன்றமும் முடிஞ்சது.

ஆனா யோசிச்சுப் பாருங்க. ‘வென்டிலேட்டர் வேணாம்’னு சொல்ற உரிமை, வென்டிலேட்டர் கிடைக்கிறவனுக்குத்தான் பயன்படும். முசிறி பக்கத்துக் கிராமத்துல கயித்துக் கட்டில்ல கிடக்கிறவனுக்கு எதை வேணாம்னு சொல்ல உரிமை? அவனுக்குத் தேவை மறுக்கற உரிமை இல்ல, கிடைக்கற உரிமை. காசு இருந்தா ஸ்ரீரங்கத்துலயோ தில்லைநகர்லயோ ஏஜென்சிக்குப் போன் பண்ணி ஹோம் நர்ஸ் வச்சுக்கலாம். ரங்கநாதர் காலடியில கடைசிக் காலத்தைக் கழிக்கணும்னு ரிடையர் ஆகி வர்றவங்கள்ல வசதி இருக்கிறவங்க அப்படித்தான் சமாளிக்கிறாங்க. ஆத்தோட மேக்கால வந்தா அந்த வசதி கரைஞ்சு போயிடுது. காவிரி ஒண்ணுதான், கண்ணியம் மட்டும் கரைக்குக் கரை வேறயா?

‘திட்டம்தான் இருக்கே?’

இருக்கு. இதை நேர்மையா பேசணும். 2021 ஆகஸ்ட் 5ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஆரம்பிச்சாங்க. சுகர், பிரஷர் மாத்திரையோட, படுக்கையில இருக்கிறவங்களுக்கு வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் குடுக்கறதும் அதுல சேர்த்தி. 2024ல ஐ.நா. விருதும் வாங்கிச்சு. இந்தியாவுல முக்கால்வாசி மாநிலங்கள் யோசிக்காததை யோசிச்சிருக்காங்க, பாராட்டணும்.

ஆனா கணக்கு இடிக்குது. ஆரம்பத்துல வச்ச ஏற்பாடு ஒரு வட்டாரத்துக்கு ஒரு நர்ஸ், ஒரு இயன்முறை சிகிச்சையாளர். ஒரு லட்சம் ஜனம் இருக்கிற வட்டாரம்னு வச்சுக்குவோம். ஆயிரத்துக்கு ஆறு ஏழு பேர் இறக்கறாங்கன்னா வருஷத்துக்கு 600 பேருக்கு மேல. விபத்து, திடீர் மாரடைப்பு எல்லாம் கழிச்சு, பாதிப் பேர் சராசரியா மூணு மாசம் படுக்கையில கிடந்து போறாங்கன்னு வைங்க. எந்த நாள் எடுத்தாலும் 75 பேர் படுக்கையில இருப்பாங்க. பக்கவாதம், தண்டுவடத்துல அடிபட்டு வருஷக்கணக்கா கிடக்கிறவங்களை இதுல நான் சேக்கவே இல்ல. ஒரு நர்ஸ் ஒரு நாளைக்கு அஞ்சு வீடு, மாசம் 25 நாள், மொத்தம் 125 தடவை. ஒரு ஆளுக்கு மாசத்துல ரெண்டு தடவைகூட முழுசா வராது. சாகப்போற மனுஷனுக்கு ரெண்டு வாரம்ங்கிறது ஒரு யுகம். முதல் தடவை நர்ஸ் வந்து ரெண்டாவது தடவை வர்றதுக்குள்ள பந்தல் போட்டுடுவாங்க. இது அந்த நர்ஸ் அக்காவோட தப்பு இல்ல, கணக்குப் போட்டவங்களோட தப்பு.

பக்கத்து மாநிலத்துல எப்படி நடந்தது?

1993ல கோழிக்கோடு மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சேர்ந்து சின்ன அளவுல ஆரம்பிச்சாங்க. சீக்கிரமே அவங்களுக்குப் புரிஞ்சது: நோயாளி ஆஸ்பத்திரிக்கு வர முடியாது, நாமதான் போகணும், டாக்டர் மட்டும் போனா பத்தாது, ஊரே போகணும். அப்புறம் மலப்புரம் மாதிரி மாவட்டங்கள்ல சாதாரண ஜனங்க பயிற்சி எடுத்துக்கிட்டு வாரத்துல சில மணி நேரம் ஒதுக்க ஆரம்பிச்சாங்க. காலேஜ் பசங்களுக்குன்னு தனி அமைப்பே உண்டு. 2008ல கேரள அரசு இதுக்குன்னு தனிக் கொள்கை போட்டது, இந்தியாவுல முதல் மாநிலமா. வீட்டுக்குப் போய்ப் பாக்கறது பஞ்சாயத்து வேலை ஆச்சு, பஞ்சாயத்துக்கு ஒரு நர்ஸ். வட்டாரத்துக்கு ஒண்ணுக்கும் பஞ்சாயத்துக்கு ஒண்ணுக்கும் உள்ள தூரம்தான் நமக்கும் அவங்களுக்கும் உள்ள தூரம்.

‘அது கேரளா, நம்ம ஊர்ல நடக்காது’ன்னு சொல்றவங்களுக்கு: 2006ல இதே முசிறியில, கழிப்பிடத்தைப் பயன்படுத்தறவங்களுக்கே காசு குடுக்கற சமூகக் கழிப்பிடம் வந்தது. சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியா பிரிச்சு உரமாக்கற முறை. அதைச் செஞ்ச ‘ஸ்கோப்’ அமைப்போட மராச்சி சுப்புராமனுக்கு 2021ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. கழிப்பிடத்துக்குக் காசு வாங்குற நாட்டுல, காசு குடுத்துப் போக வச்ச ஊரு சார் இது. நடக்காதுன்னு எங்ககிட்ட சொல்லாதீங்க.

சரி, என்னதான் வேணும்?

ஒண்ணு: ‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ன்னு சொல்ற எந்த ஆஸ்பத்திரியும், கூடவே தமிழ்ல ஒரு பக்கக் குறிப்பு, ரெண்டு வாரத்துக்கு வலி மாத்திரை, ராத்திரியிலயும் எடுக்கற ஒரு போன் நம்பர், இந்த மூணும் குடுக்காம அனுப்பக் கூடாது.

ரெண்டு: ஒவ்வொரு தாலுகா அரசு ஆஸ்பத்திரியிலயும் மார்ஃபின் மாத்திரை எந்த நாளும் கையிருப்பு இருக்கணும்.

மூணு: அஞ்சாறு ஊராட்சிக்கு ஒரு நர்ஸ், ஒரு வண்டி. பஞ்சாயத்துக்கு ஒண்ணு நாளைக்குப் பாத்துக்கலாம், இதுல ஆரம்பிங்க.

நாலு: ஊராட்சி ஆபீஸ்லயே தண்ணிப் படுக்கை, வீல்சேர், கமோடு வச்ச நாற்காலி. வாங்கிட்டுப் போய், வேலை முடிஞ்சதும் திருப்பிக் குடுக்கணும். பாய்க்குப் பேர் போன ஊர்ல, வெறும் பாயில கிடந்து முதுகு புண்ணாகி யாரும் போக வேணாம்.

அஞ்சு: மகளிர் குழுக்கள்ல இருந்து ஆள் எடுத்து, பயிற்சியும் சம்பளமும் குடுத்து, வாரத்துல ரெண்டு அரை நாள் நோயாளி பக்கத்துல உக்கார வைக்கணும். அந்த அரை நாள் நோயாளிக்கு இல்ல, பாத்துக்கற பொம்பளைக்கு. தூங்கட்டும், கோயிலுக்குப் போகட்டும், சும்மா உக்காந்து அழட்டும்.

ஆறாவதா ஒரு சின்ன விஷயம். வீட்டுல இறந்தா சான்றிதழ் கிடைக்காதுன்னு பயந்தே கடைசி நேரத்துல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடற குடும்பங்கள் உண்டு. 1969ம் வருஷச் சட்டப்படி, கடைசி நோயில வைத்தியம் பாத்த டாக்டர் இறப்புக்கான காரணச் சான்றிதழைக் கட்டணம் இல்லாம குடுக்கணும். 21 நாளுக்குள்ள பதிவு பண்ணணும். இதையும் அந்த ஒரு பக்கக் குறிப்புல எழுதிடுங்க.

கடைசியா என் கூடப் படிக்கிற மக்களுக்கு. வருஷா வருஷம் என்.எஸ்.எஸ். கேம்ப் போறோம். கோயில் வாசலைக் கூட்டறோம், அடுத்த மாசமே காயப்போற மரக்கன்னை நட்டு போட்டோ எடுத்துக்கறோம். இந்த வருஷம் ஒரு நர்ஸைக் கூப்பிட்டு, ஒரு மனுஷனை வலிக்காம எப்படிப் புரட்டிப் படுக்க வைக்கறதுன்னு கத்துக்குவோம். கேம்ப் நடக்கற ஊர்ல எத்தனை வீட்டுல யார் படுக்கையில இருக்காங்கன்னு ஒரு கணக்கெடுப்போம். அந்தக் கணக்கை எடுத்துட்டு வட்டார மருத்துவ அலுவலர்கிட்டயும் எம்.எல்.ஏ.கிட்டயும் போய் நிப்போம். ஓட்டுப் போட முடியாம படுத்துக் கிடக்கிறவங்களைப் பத்தி எந்தக் கட்சியும் தானா கேக்காது. போய்க் கேக்க வேண்டியது நடக்க முடிஞ்சவங்கதான்.

இதுல மறுப்பு இருக்கிறவங்க தாராளமா சண்டைக்கு வாங்க. ஆனா வர்றதுக்கு முன்னாடி உங்க தெருவுல ஒரு தடவை நடந்துட்டு வாங்க. ஏதாவது ஒரு வீட்டு உள் அறையில ஒருத்தர் படுத்திருப்பார். பக்கத்துல ஒரு அக்காவோ அம்மாவோ தூங்கி ரொம்ப நாள் ஆகியிருக்கும்.